மூளையும் குணமும்: கேஜ் என்பாரின் வரலாறு

மூளைக்கும் மனிதனுடைய குணத்துக்கும் தொடர்பு உண்டு என்பதை இன்று எவரும் மறுப்பதில்லை. மாறிய குணம் மாறியபடியே நின்றுவிடுமா என்பதே வினா. இத்துறையார் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஒருவருடைய வரலாற்றை ஈண்டு நோக்குவோம்; அதிற் பாதியே பெரும்பாலும் சொல்லப்பட்டு வந்தது.

1848ஆம் ஆண்டு செப்டெம்பர் 13ஆம் நாள். அமெரிக்க ஐக்கிய நாட்டின் வேர்மொன்ற் மாநிலத்திலே, கவென்டிஷ் என்னும் ஊருக்கு அண்மையிற் புகையிரதப் பாதைக்காகப் பாறை பிளந்துகொண்டிருந்தனர். பினியஸ் கேஜ் என்பவர் அவ்வேலையாட்களுக்குத் தலைவர், வயது 25. துளையில் இட்ட வெடிமருந்தை அவர் இரும்புக்கோலால் இடித்து இறுக்கும்போது மருந்து வெடித்தது. கோல் இடக்கன்னத்தின் கீழே புகுந்து, உச்சந்தலையைப் பிளந்து வெளியே போய் விழுந்தது. அதன் நீளம் 3 அடி 7 அங்குலம். நிறை 13¼ இறாத்தல். நம் அலவாங்கை நினைத்துக்கொண்டால் இதன் பயங்கரம் விளங்கும்.

கேஜ் இறக்கவில்லை. மாட்டுவண்டியில் நிமிர்ந்திருந்தே விடுதிக்கு வந்தார். வைத்தியருடன் பேசவும் செய்தார். ஹார்லோ என்னும் இளம் வைத்தியரின் பராமரிப்பில், இடக்கண்ணின் பார்வை போனதெனினும், பத்து வாரங்களில் வீடு திரும்பினார்.

1850இல் அவரைப் பரிசோதித்து எழுதிய பொஸ்ரன் நகரப் பேராசிரியர் பிகலோ, உடலும் அறிவும் நன்கு தேறிவிட்டன என்றார். ஹார்லோவோ 1868இலே வேறு கதை சொன்னார். முன்னர்ப் பொறுப்பும் நிதானமும் உடையவராய் இருந்த கேஜ், விபத்தின் பின் பிடிவாதமும் தகாத பேச்சும் நிலையில்லாத எண்ணமும் உடையவரானார். பழைய வேலையை அவருக்குத் திரும்பக் கொடுக்கவும் மறுத்தனர் என்பது அவர் கூற்று. 1878இல் ஃபெரியர் என்னும் ஸ்கொட்லாந்து அறிஞர் இதனை எடுத்தாண்டார். மூளையின் முன்மடலே நடத்தையை அடக்கியாளும் இடம் என்பதற்கு அதன்பின் கேஜ் நிலையான சான்றானார். பின்வந்த நூல்கள் சில அவரைக் குடிகாரராகவும் ஊர்சுற்றியாகவும் தீட்டின. இதற்கு ஆதாரம் யாது? ஹார்லோவின் அறிக்கையில் இல்லை.

விட்டுப்போன பாதி இனி வருவது. 1852இல் கேஜ் தென்னமெரிக்காவின் சிலி நாட்டுக்குச் சென்றார். அங்கே ஏழாண்டளவு குதிரைகளோடு உழைத்தார். வல்பரைசோவுக்கும் சந்தியாகோவுக்கும் இடையே பல குதிரைகள் பூட்டிய பிரயாணிகள் வண்டியையும் ஓட்டினார். இளைஞர்கள் இதனைக் கவனிக்க. விடியுமுன் எழவேண்டும்; குதிரைகளை அடக்கவேண்டும்; அந்நிய மொழி பேசும் பிரயாணிகளோடு இணங்கவேண்டும்; வேளை தவறக்கூடாது. தன்னைத் தானே ஆளாதவர் இத்தொழிலில் ஏழு நாளும் நிலைத்திரார். 2000ஆம் ஆண்டில் மக்மில்லன் என்னும் அறிஞர் கேஜைப் பற்றித் தனிநூல் எழுதி இவ்வாண்டுகளுக்குரிய மதிப்பைக் கொடுத்தார். நாள்தோறும் ஒரே ஒழுங்கிற் செய்த வேலை, குலைந்த குணத்தை மெல்ல மெல்லச் சீராக்கியிருத்தல் கூடும் என்பது அவர் கருத்து. நாமும் அதனையே பொருத்தமாகக் காண்கின்றோம்.

1860ஆம் ஆண்டு மே மாதம் கேஜ் வலிப்பினால் சன்பிரான்சிஸ்கோவில் இறந்தார். பின்னர்க் குடும்பத்தாரின் சம்மதத்தோடு அவருடைய மண்டையோடு ஹார்லோவின் கைக்கு வந்தது. அதனை அளந்தோர் கூறியதும் ஒன்றுபோல் இல்லை. 1994இல் இரு முன்மடல்களும் சிதைந்தன என்றனர். 2004இல் இடப்புறம் மாத்திரமே என்றனர். 2012இலே செய்த கணிப்போ மூளையின் புறணியில் ஏறத்தாழ 4 சதவீதமும், பகுதிகளை இணைக்கும் வெண்பொருளில் ஏறத்தாழ 11 சதவீதமும் கெட்டிருக்கலாம் என்றது. அவ்வாறாயின், ஓரிடத்தின் கேட்டைக் காட்டிலும் இணைப்புகள் அறுந்ததே பெரிதாகும்.

மண்டையோடும் கோலும் ஹார்வார்ட் மருத்துவக் கல்லூரியின் நூதனசாலையைச் சேர்ந்தன. 2009இலே கேஜின் பழைய நிழற்படம் ஒன்று வெளிவந்தது. நன்றாக உடுத்த இளைஞர் ஒருவர், இடக்கண் மூடியபடி, தம்மைத் துளைத்த அக்கோலைக் கையிற் பிடித்து நேரே நோக்குகின்றார்.