பெர்த் - இலங்கை: இரண்டு சூரிய உதயம் பார்த்த விமானம்

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் இருந்து இலங்கை எவ்வளவு தூரம்? சுமார் 5,600 கிலோமீட்டர். இன்றைய ஜெட் விமானம் நேராகப் பறந்தால் ஏழு மணி நேரம் போதும். ஒரு தூக்கம், ஒரு சினிமா, அவ்வளவுதான். இதே தூரத்தைக் கடக்க 1943ல் 27 முதல் 33 மணி நேரம் ஆனது. அதுவும் வழியில் எங்குமே இறங்காமல்!

இப்படிப் பறக்க வேண்டிய கட்டாயம் ஏன் வந்தது? போருக்கு முன்பு ஆஸ்திரேலியாவில் இருந்து லண்டன் போகும் விமானங்கள் சிங்கப்பூர் வழியாகத்தான் போயின. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானிடம் வீழ்ந்தது. ஜாவா, சுமத்ரா, அந்தமான் எல்லாம் அடுத்தடுத்துப் போயின. பாதை அறுந்துவிட்டது. மிச்சம் இருந்தது இந்துமகா சமுத்திரம் மட்டும்தான்.

குவாண்டாஸ் நிறுவனம் இந்த வேலைக்கு எடுத்தது கேட்டலினா என்ற கடல் விமானம். தண்ணீரில் இருந்து கிளம்பி தண்ணீரிலேயே இறங்கும். ஆகவே இங்கே ஓடுபாதை கிடையாது. ஒரு முனை பெர்த்தின் ஸ்வான் ஆறு, மறுமுனை காலிக்குப் பக்கத்தில் உள்ள கொக்கலை ஏரி. இதுதான் 'விமான நிலையம்'!

கேட்டலினாவின் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டர் அளவுதான். நம்மூர் எக்ஸ்பிரஸ் ரயிலை விட கொஞ்சம் வேகம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஒரு நாளுக்கு மேல் பறக்கும் பெட்ரோலை ஏற்றினால் வேறு எதற்கும் இடம் இருக்காது. தேவையில்லாத சாமான்களைக் கழற்றிப் போட்டார்கள். அப்படியும் மூன்று பயணிகள், சுமார் 69 கிலோ தபால், இவ்வளவுதான் ஏற்ற முடிந்தது. அந்த மூன்று பேரும் போருக்கு மிக அவசியமானவர்களாக இருந்தால்தான் இடம் கிடைக்கும்.

தூரத்தை விட நேரம்தான் பெரிய ஆபத்து. ஆயுதம் இல்லாத, மெதுவான விமானம் பகலில் ஜப்பானிய விமானங்களின் கண்ணில் பட்டால் கதை முடிந்தது. அதனால் ஆபத்தான பகுதியை இரவில் கடக்கும்படி நேரம் குறித்தார்கள். ரேடியோவில் பேசக்கூடாது. பேசினால் இருக்கும் இடம் எதிரிக்குத் தெரிந்துவிடும். நட்சத்திரங்களைப் பார்த்துத்தான் வழி கண்டுபிடித்தார்கள். ஐந்து விமானங்களுக்கும் வேகா, ஆல்டேர், ரைஜல், ஸ்பைகா, அன்டாரிஸ் என்று நட்சத்திரங்களின் பெயரையே வைத்தது பொருத்தம்தான்.

ஒரே பயணத்தில் சூரியன் இரண்டு முறை உதிக்கும். அதனால் 'இரட்டை சூரிய உதயம்' என்ற பெயர் வந்தது. பறந்தவர்களுக்கு 'இரட்டை சூரிய உதயத்தின் இரகசியச் சங்கம்' என்று சான்றிதழ் வேறு கொடுத்தார்கள்! அதிகபட்சமாக ஒரு பயணம் 32 மணி 9 நிமிடம் நீடித்தது.

1944ல் லிபரேட்டர் விமானங்கள் வந்ததும் பயணம் சுமார் 17 மணி நேரமாகக் குறைந்தது. (2018 மார்ச்சில் குவாண்டாஸ் தொடங்கிய நேரடி விமானம் ஏறக்குறைய அதே 17 மணி நேரத்தில் பெர்த்தில் இருந்து லண்டனுக்கே போய்விட்டது.)

1945 ஜூலையில் கேட்டலினா சேவை முடிந்தது. மொத்தம் 271 முறை கடலைக் கடந்தும் ஒரு விமானம் கூட தொலையவில்லை. ஆனால் ஜப்பானியர் செய்ய முடியாததை ஒப்பந்தம் செய்தது. போர்க்கால ஒப்பந்த விதிகளின்படி, போர் முடிந்த பிறகு அந்த விமானங்களைக் கடலில் கொண்டுபோய் மூழ்கடித்துவிட்டார்கள்.