கறள்: உப்புக் காத்துக்குள்ள ஒரு பாலம், கொஞ்சம் சில்லுகள்

கனடாவில இருக்கிற நம்மட ஆக்களுக்கு டிசம்பர் வந்தா ஒரு கவலை கூடும். ரோட்டில பனி உறையாம இருக்க உப்புக் கொட்டுவாங்க. அந்த உப்புத் தண்ணி கார்ச் சில்லில தெறிச்சு, பளபளக்கிற குரோம் பூச்சில புள்ளி புள்ளியாக் கறள் பிடிக்கும். இந்தப் பழக்கத்துக்கு ரொம்ப வயசில்ல. அமெரிக்காவில உப்பை ஒரு பொது நடைமுறையா முதலில எடுத்த மாநிலம் நியூ ஹாம்ஷயர், 1941இல. குரோம் பூச்சும் 1920களின் நடுப்பகுதியிலதான் சந்தைக்கு வந்தது.

மட்டக்களப்பில உப்பைக் கொட்ட லொறி தேவையில்ல, காத்தே கொண்டு வரும். ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வாவி. நடுவில ஒடுங்கின மணல் நிலத்திலதான் எழுவான்கரை ஊர்கள் கிடக்கு. மாரியில வாடைக் காத்து கடலில இருந்து நேரே கரைக்கு அடிக்கும். அதால நம்மட மாரியும் கறள் காலம்தான். கல்லடியில ஒரு பகுதிக்குப் பேரே உப்போடை.

இந்த உப்புக்குள்ளதான் 1924இல ஆங்கிலேயர் கல்லடிப் பாலத்தைக் கட்டினாங்க. இரும்புப் பாலம். அப்போதைய ஆளுநர் வில்லியம் மானிங்கின் மனைவியின் பேரை அதுக்கு வச்சு, ‘லேடி மானிங் பாலம்’ எண்டு சொன்னாங்க. கல்லடிக்குப் போய் வாற ஆக்களுக்கு இது பெரிய மாற்றம்.

இரும்பு கறள் பிடிக்க ஈரமும் காத்தும் போதும். உப்பு அந்த வேலையைப் பல மடங்கு வேகப்படுத்தும். அது காத்தில இருக்கிற ஈரத்தை இழுத்து வச்சுக்கொள்ளும். அதில உள்ள குளோரைட்டு, பூச்சில ஒரு சின்ன வெடிப்புக் கிடைச்சாலும் உள்ள போய்க் குழி தோண்டும். பாலத்தில ஆபத்தான இடம் வெளிய தெரியிற கம்பி இல்ல, ரெண்டு தகடு சேருற மூட்டு. மழை கழுவாத இடத்திலதான் உப்புத் தங்கும்.

சில்லிலயும் இதே கதைதான். குரோம் தனியா இரும்பைக் காப்பாத்திறதில்ல. பொதுவா உருக்குக்கு மேல நிக்கல், அதுக்கு மேலதான் குரோம். அந்தக் குரோம், மில்லிமீற்றரின் ஆயிரத்தில ஒரு பங்கைவிட மெல்லிசு. கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளால உப்பு இறங்கினா, கறள் அடியில இருந்துதான் மேல வரும். அதுக்குச் செய்யக்கூடியது எளிது. கடற்கரை ரோட்டால வந்தா நல்ல தண்ணியில கழுவுங்க. வாவித் தண்ணியில கழுவாதீங்க. துணியால துடைச்சு, நல்லாக் காய்ஞ்ச பிறகு மெல்லிசா மெழுகு பூசுங்க. கறளை எடுக்க மணல் தாளால தேய்ச்சா மிச்சக் குரோமும் போயிரும். சைக்கிள் எண்டா பிரேக் கட்டை பிடிக்கிற இடத்தில எண்ணெயோ மெழுகோ படவே கூடாது, பிரேக் பிடிக்காது.

இப்ப பாலத்துக்கு வருவம். 1978 நவம்பர் சூறாவளியில மட்டக்களப்பே சிதைஞ்சது, பாலம் நிண்டது. 2004 சுனாமி நாவலடியையும் கல்லடியையும் அடிச்சுக்கொண்டு போனது, அப்பவும் நிண்டது. போர்க் காலம் முழுக்க ஒடுங்கின அந்தப் பாதையால சனம் போய் வந்தது. ஜப்பான் உதவியோட பக்கத்தில கட்டின புதுப் பாலம் 2013 மார்ச்சில திறக்கும் வரைக்கும் முழுப் பாரத்தையும் அதுதான் தாங்கிச்சு.

இதை ‘வெள்ளைக்காரன் கட்டின உறுதி’ எண்டு சொல்லிப் போறது நம்மட பழக்கம். எனக்கு அது பாதி உண்மையாத்தான் படுது. எந்த நாட்டு இரும்பா இருந்தாலும் உப்புக் காத்தில கவனிப்பு இல்லாமத் தொண்ணூறு வருசம் நிக்காது. ஆரோ ஏறி நிண்டு கறளைச் சுரண்டி, பெயின்ட் அடிச்சு, பழுதான துண்டை மாத்தியிருக்கணும். அதையும் ஒருக்கா இல்ல, திரும்பத் திரும்ப. கட்டினது ஒரு தரம். காப்பாத்தினது மூண்டு தலைமுறை வேலை. ஆனா பேர் மானிங் சீமாட்டிக்குத்தான் கிடைச்சது. அவ அந்தப் பாலத்தில ஒரு ஆணிகூட அடிச்சதில்ல.

புதுப் பாலம் கொங்கிரீட்டு, அதுக்குக் கறள் இல்ல எண்டு நினைக்க வேண்டாம். கொங்கிரீட்டுக்குள்ளயும் இரும்புக் கம்பிதான். உப்பு ஊறி உள்ள போனா, கம்பி கறள் பிடிச்சு வீங்கி, கொங்கிரீட்டையே வெடிக்க வைக்கும். அதையும் ஆரோ பாத்துக்கொண்டே இருக்கணும்.

வரலாறு படிக்கிற நாங்க திறப்பு விழாத் திகதியை மட்டும் மனப்பாடம் செய்யிறம். அந்தப் பாலத்தில தூரிகையோட தொங்கின ஆக்களில சிலர் இன்னமும் நம்மட ஊர்களில இருக்கக்கூடும். உங்கட வீட்டில, ஒழுங்கையில அப்படி ஒருத்தர் இருந்தா, போய் இருந்து கேளுங்க: எத்தனை வருசத்துக்கு ஒருக்கா பெயின்ட் அடிச்சீங்க, எவ்வளவு கூலி, எந்த மூட்டு அடிக்கடி பழுதாகும் எண்டு. கேட்டதை எழுதி வைங்க.