சுமந்த தோளும் கற்ற கையும்

விடியுமுன்னே கம்பம் பள்ளத்தாக்கின் சாலைகளில் ஜீப்புகள் புறப்பட்டுவிடுகின்றன. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியே ஏலத்தோட்டங்களுக்குக் கூலிக்குச் செல்வோரில் நம் தெருப் பெண்டிர் பலர். மலைப்பாதையில் வண்டி கவிழ்ந்தால், அடிபட்டவரை முதலில் தூக்குபவரும் உடன்சென்ற கூலிக்காரரே. தூக்க அஞ்சாத கைகள் நம்முடையவை. ஆயின், முதுகெலும்பு முறிந்தவரைத் தோளிலும் காலிலும் பற்றித் தூக்கினால் தண்டுவடம் சிதைந்து, எழுந்து நடக்க வேண்டியவர் வாழ்நாளெல்லாம் படுக்கையில் கிடக்க நேரும் என்பதை அக்கைகளுக்கு யார் கற்பித்தார்?

சுமத்தல் நமக்குப் புதிதன்று. இறந்த மாட்டை அகற்றவும், இழவு சொல்லவும், சுடுகாட்டு வேலை செய்யவும் நம்மை அழைத்த ஊர், உயிரோடிருப்பவரைத் தொட நம்மை விட்டதில்லை. மருத்துவமோ தொட்டுச் செய்யும் தொழில். நாடி பார்க்கும் கல்வி நமக்கு எட்டாமற்போனதன் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டுவதில்லை.

1899-இல் தென்னாப்பிரிக்காவில் போயர் போர் மூண்டபோது, காந்தியடிகள் திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையில் ஏறத்தாழ 1,100 பேர் இருந்தனர். அவருள் சுமார் 300 பேரே கட்டற்ற இந்தியர்; எஞ்சியோர் ஒப்பந்தக் கூலிகள். நேட்டாலுக்குப் போன கூலிகளில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. காயமுற்றோரைத் தூக்குகட்டிலில் சுமந்து அவர்கள் பல மைல் நடந்தனர். போர்ப் பதக்கமோ தலைவர்களுக்கே கிடைத்தது.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 1967-இல் தொடங்கிய நிகழ்ச்சியை நம் இளைஞர் ஊன்றிப் படித்தல் வேண்டும். அந்நாளில் அங்கே நோயாளியைக் காவலர் வண்டியில் ஏற்றி மருத்துவமனை வாயிலில் இறக்கிவிடுவதே வழக்கம். வழியில் சிகிச்சை என்பதே கிடையாது. கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹில் பகுதிக்கு அவ்வண்டியும் காலந்தாழ்த்தியே வந்தது. அப்பகுதியின் வேலையற்ற இளைஞரை, பள்ளிப்படிப்பை இடையில் விட்டவர் உட்படத் திரட்டி, 'ஃப்ரீடம் ஹவுஸ்' என்னும் ஆம்புலன்ஸ் சேவையை அமைத்தனர். நின்ற மூச்சை மீட்கும் முறையை வகுத்தவருள் முதன்மையானவராகிய மருத்துவர் பீட்டர் சாஃபர், அவர்களுக்கு ஏறத்தாழ 300 மணி நேரப் பயிற்சியை ஏற்படுத்தினார். வேலைக்குதவார் எனத் தள்ளப்பட்டவர்கள், ஓடும் வண்டியிலேயே உயிர்காக்கும் சிகிச்சை அளித்தனர். 1974-இல் பொறுப்பேற்ற மருத்துவர் நான்சி கரோலைன் அங்கு வளர்த்த பாடத்திட்டம், பின்னர் அந்நாடு முழுமைக்கும் வழிகாட்டியாயிற்று.

ஆனால் 1975-இல் நகர நிர்வாகம் தன் சொந்தச் சேவையைத் தொடங்கி, ஃப்ரீடம் ஹவுஸை மூடிவிட்டது. புதிய சேவையில் சேர்ந்த கறுப்பினத்தவர் பலர் புதிய தேர்வுகளாலும் விதிகளாலும் ஒதுக்கப்பட்டு வெளியேறினர். வழிகாட்டியவரே தகுதியற்றவரென எழுதப்பட்டனர்! திறமை அவர்கள் கையில் இருந்தது. தகுதியை எழுதும் பேனாவோ பிறர் கையில் இருந்தது.

இங்கே, க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி 2004-இல் வந்தது. அதற்கு முன் கடுங்காயமுற்றோரை மதுரை வரை கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. 108 சேவை தமிழகத்தில் 15-9-2008 அன்று தொடங்கிற்று. செவிலியர் படிப்போ வேறு அறிவியல் பட்டமோ பெற்று, சில வாரப் பயிற்சியுடன் அவ்வூர்தியில் ஏறியவர் பலர். அவர்தம் தொண்டைக் குறைகூறுவார் யாருமிலர். எனினும், இத்தொழிலுக்கென்றே இன்று பட்டப்படிப்பு உண்டு. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் வழங்கும் பி.எஸ்ஸி. விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பம் என்பது அது. மேல்நிலையில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பயின்றோர் சேரலாம். மூன்றாண்டுப் படிப்பின்பின் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி. துணை மருத்துவத் தொழிலினரைப் பதிவுசெய்வதற்கென 2021-இல் நாடாளுமன்றம் தனிச்சட்டமும் இயற்றியுள்ளது. பிட்ஸ்பர்க் இளைஞருக்கு வாய்க்காத பாதுகாப்பு இப்பதிவிலேதான் இருக்கிறது.

பள்ளியிலிருந்து நாம் அனுப்பிய பிள்ளைகள் சிலர், ஆறுமாதச் சான்றிதழைக் காட்டிப் 'பாராமெடிக்கல்' என்று விற்ற இடங்களில் தாயின் தோட்டக் கூலியைக் கட்டி ஏமாந்ததை அறிவோம். ஆதிதிராவிட மாணவர்க்குரிய மேற்கல்வி உதவித்தொகைத் திட்டம் 1944 முதல் உள்ளது. ஆண்டு வருமானம் 2.5 லட்ச ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்தார் விண்ணப்பிக்கலாம். சாதிச் சான்றும் வருமானச் சான்றும் தேர்வு முடிவுக்கு முன்பே கையில் இருக்கட்டும். கல்லூரியின் பெயர் பல்கலைக்கழகத்தின் பட்டியலில் உள்ளதா என்று பார்த்த பிறகே பணத்தை எண்ணுங்கள்.