ஆக்சோலோட்டலும் அதன் ஏரியும்

ஆக்சோலோட்டல், மெக்சிகோ பள்ளத்தாக்கின் ஏரிகளைத் தவிர வேறெங்கும் இயற்கையாகக் காணப்படாத சாலமாண்டர் இனம். தலையின் இருபுறமும் மும்மூன்றாக விரியும் இறகு போன்ற செவுள்களும், முதுகிலிருந்து வால்வரை ஓடும் துடுப்பும் மற்றச் சாலமாண்டர்களில் பெரும்பாலானவற்றில் குஞ்சுப் பருவத்தோடு மறைந்துவிடும். இது அவற்றை உதிர்க்காமலேயே ஏறத்தாழ ஓராண்டில் பருவமடைந்து, ஒரே ஈட்டில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். இதனால் இதை வளர்ச்சி குன்றிய உயிராகச் சித்திரிப்போர் உண்டு. அதன் வாழிடத்தைப் பார்த்தால் அப்படிச் சொல்லத் தோன்றாது. கடல்மட்டத்துக்குச் சுமார் 2,240 மீட்டர் மேலே இருந்த சோச்சிமில்கோ, சால்கோ ஏரிகள் ஆண்டு முழுவதும் வற்றாதவை, குளிர்ந்தவை. இதை வேட்டையாடும் பெரிய மீன்களும் அங்கே அப்போது இல்லை. புழு, நத்தை, பூச்சி, சிறுமீன் எதுவானாலும் வாயைச் சட்டெனத் திறந்து நீரோடு உறிஞ்சிக்கொள்ளலாம். தண்ணீருக்குள்ளேயே எல்லாம் கிடைக்கும்போது கரைக்கான உடலை உருவாக்காமல் விட்டது குறையல்ல, சிக்கனம்.

இதற்கு எதிராகப் பாரிஸ் நிகழ்ச்சியைக் காட்டலாம். 1864இல் மெக்சிகோவிலிருந்து பாரிஸுக்குக் கொண்டுவரப்பட்டவற்றில் ஆறு, விலங்கியலாளர் ஒகுஸ்த் துமெரிலிடம் வந்தன. அடுத்த ஆண்டு பிறந்த குஞ்சுகளில் சில செவுள் சுருங்கி நிலவாழ் சாலமாண்டர்களாக மாறின. அப்படியானால் நீரில் இருப்பது வெறும் குஞ்சுதானே என்ற கேள்வி நியாயமானது. இயற்கையியலாளர் குவியே கூட அதற்கு முன்பு அப்படித்தான் ஐயுற்றார். ஆனால் 20ஆம் நூற்றாண்டுச் சோதனைகளில், தைராய்டு சுரப்பியை உண்ணக் கொடுத்ததும் ஆக்சோலோட்டல் உருமாறியது. உருமாறும் திறன் உடலில் இருக்கிறது. அதைத் தூண்டும் அளவுக்கு ஹார்மோன் தானாகச் சுரப்பதில்லை. ஆக, உருமாற்றம் இதற்கு விதிவிலக்கு, நீர்வாழ்வே இயல்பு.

இன்னொரு வாதம் நடைமுறை சார்ந்தது: உலகெங்கும் ஆய்வகங்களிலும் வீட்டுத் தொட்டிகளிலும் ஏராளமாக இருக்கும்போது ஏரி எதற்கு? வெட்டுண்ட காலை எலும்போடும் நரம்போடும் மீண்டும் வளர்த்துக்கொள்ளும் ஆற்றலால் ஆய்வகங்கள் இதைக் கைவிடப்போவதில்லை என்பது உண்மைதான். ஆயினும் ஆய்வக வம்சம் பெரும்பாலும் அந்தப் பாரிஸ் வரவின் வழிவந்தது. பின்னர் அமெரிக்காவில் புலிச் சாலமாண்டரோடு கலந்ததும்கூட. ஏரியின் வம்சத்துக்கு அது ஈடாகாது. சால்கோ வடிக்கப்பட்டு விளைநிலமானது. சோச்சிமில்கோ, சேறும் செடிகொடியும் அடுக்கிய சினாம்பா வயல்களுக்கு இடையே ஓடும் கால்வாய்களாகக் குறுகியது. வளர்ப்புக்காக விடப்பட்ட கெண்டையும் திலாப்பியாவும் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றன; நகரக் கழிவுநீரும் சேர்ந்துகொண்டது. 1998 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 6,000 ஆக இருந்த ஆக்சோலோட்டல் எண்ணிக்கை 2014இல் 36 ஆகச் சரிந்தது. மெக்சிகோ தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்போது சினாம்பா உழவர்களோடு சேர்ந்து, மீன் நுழையாதபடி கால்வாய் முகப்பில் தடுப்பு அமைத்து, உள்ளே வரும் நீரை வடிகட்டி, இதற்குப் புகலிடம் அமைக்கின்றனர். அந்த வயல்களில் பூச்சிமருந்து தெளிப்பதில்லை.