ஆவணப் பதிப்பு ஒப்பீடு: ஓசூர் தொழிற்பகுதியின் பின்னணியில்

ஆவணப் பதிப்பு ஒப்பீடு என்பது ஒரே ஆவணத்தின் பழைய வடிவத்தையும் புதிய வடிவத்தையும் எதிரெதிரே வைத்து, எது சேர்ந்தது, எது நீங்கியது, எது மாறியது என்று கண்டறியும் முறையாகும். இன்று கணினி நொடிப்பொழுதில் செய்யும் இவ்வேலை, ஓலைச்சுவடி, அச்சு, தொழிற்சாலை வரைபடம் என்று பல துறைகளில் நீண்ட காலம் கண்ணாலும் கையாலும் செய்யப்பட்டது.

சுவடியும் பிரதிபேதமும்

தமிழில் இம்முறையை நன்கறிந்தவர்கள் பதிப்பாசிரியர்கள். உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இலும் புறநானூற்றை 1894இலும் பதிப்பித்தபோது, பல ஊர்களிலிருந்து கிடைத்த ஏடுகளை ஒப்பிட்டுப் பாடங்களைத் தேர்ந்தார். ஏடுகளில் பெரும்பாலும் புள்ளி இராது; காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். ஆகவே ஓரெழுத்து வேறுபாடு பிழையா, வேறு பாடமா என்பதை ஒவ்வோரிடத்திலும் தீர்மானிக்க வேண்டியிருந்தது.

ஓசூரும் வரைபடமும்

பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், கர்நாடக எல்லையை ஒட்டி அமைந்த ஓசூர், 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்த பின் தொழில் நகரமாயிற்று. 1980இல் டிவிஎஸ் 50 மொபெட் இங்கிருந்து வெளிவந்தது. அசோக் லேலண்ட், டைட்டன் ஆகிய நிறுவனங்களின் ஆலைகளும் இங்கு எழுந்தன. பெரிய ஆலைகளைச் சுற்றி, அவற்றுக்கு உதிரிபாகம் செய்து தரும் சிறு பட்டறைகள் பெருகின.

பெரிய ஆலைக்கும் சிறு பட்டறைக்கும் இடையே செல்லும் முதன்மை ஆவணம் பொறியியல் வரைபடம். அதன் ஓரத்தில் திருத்த எண்ணும் தேதியும் மாற்றத்தின் சுருக்கமும் கொண்ட ஒரு சிறு கட்டம் இருக்கும். எடுத்துக்காட்டாக, ஒரு துளையின் விட்டம் 12.0 மில்லிமீட்டரிலிருந்து 12.2 ஆனால், படத்தில் மாறுவது ஓர் இலக்கம் மட்டுமே. பழைய தாளை வைத்து வேலை செய்த பட்டறையின் சரக்கு முழுவதும் ‘ரிஜெக்ட்’ ஆகிவிடும். பொருட்செலவும் கூலியும் பட்டறையின் தலையில் விழும்.

வரைபடங்கள் தாளில் இருந்த காலத்தில், டிரேசிங் தாளில் வரைந்த இரு படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, கீழிருந்து விளக்கொளி பாய்ச்சிப் பார்ப்பது ஓர் எளிய வழியாக இருந்தது. பொருந்தாத கோடு தனித்துத் தெரியும். மாறிய இலக்கமோ கூர்ந்து படித்தால்தான் தெரியும்.

கணினி ஒப்பீட்டின் தோற்றம்

உரைகளை ஒப்பிடும் ‘டிஃப்’ என்னும் நிரலை, அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டக்ளஸ் மெக்கில்ராய் யூனிக்ஸ் இயங்குதளத்துக்காக 1970களின் முற்பகுதியில் உருவாக்கினார். அதன் வழிமுறையை விளக்கும் அறிக்கையை ஜேம்ஸ் ஹண்டுடன் சேர்ந்து 1976இல் வெளியிட்டார்.

முதல் வரியை முதல் வரியோடும் இரண்டாவதை இரண்டாவதோடும் ஒப்பிட்டால், நடுவே ஒரு வரி நுழைந்ததும் அதன் கீழுள்ள எல்லாமே மாறியதாகத் தோன்றும். இதைத் தவிர்க்க, இரு ஆவணங்களிலும் அதே வரிசையில் வரும் பொதுவான வரிகளின் மிக நீண்ட தொடரை டிஃப் முதலில் கண்டுபிடிக்கிறது. அத்தொடருக்குள் அடங்காதவையே மாற்றங்கள். யூஜின் மையர்ஸ் 1986இல் இதற்கு விரைவான வழிமுறை ஒன்றைத் தந்தார். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையின் இரு பதிப்புகளை அருகருகே காட்டும் பக்கமும் இதே கருத்தில் அமைந்ததுதான்.

வரைபடத்துக்கும் இவ்வசதி வந்தது. ஆட்டோகேட் மென்பொருளின் 2019ஆம் பதிப்பில், இரு படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வேறுபாடுகளை நிறத்தால் காட்டும் கருவி சேர்க்கப்பட்டது. பழைய விளக்கொளி முறையின் கணினி வடிவம் என்று இதைச் சொல்லலாம். ஆயினும் கருவி மட்டும் போதாது. வாகன உதிரிபாகத் துறைக்கான ஐஏடிஎஃப் 16949 தரநிலை 2016இல் வெளிவந்தது. வாடிக்கையாளரின் பொறியியல் விவரக்குறிப்பு மாறியதாக அறிவிப்பு வந்தால், 10 வேலைநாட்களுக்குள் அதை ஆராய்ந்து முடிக்க வேண்டும் என்று அது கூறுகிறது.

தமிழ் உரையில் எழும் சிக்கல்

தமிழ் ஆவணங்களில், கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கணினிக்கு வேறாக இருக்கக்கூடும். ‘கொ’ என்பதில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும், ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டாகவும் யூனிகோடில் சேமிக்கலாம். ஒப்பிடுமுன் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவராவிட்டால், மாறாத சொல்லையும் மாறியதாக நிரல் காட்டலாம். ‘ஔ’ என்ற எழுத்துக்குப் பதில் ஒகரத்தையும் ளகரத்தையும் தட்டச்சு செய்திருந்தால் அந்த வழியும் உதவாது. மனிதர்தான் திருத்த வேண்டும். ஏடு படித்தோர் கண்ட சிக்கல் வேறு உருவில் தொடர்கிறது.

கண்டறிதலும் மதிப்பிடுதலும்

ஓசூர் முதலில் சேலம் மாவட்டத்திலும், 1965 முதல் தருமபுரி மாவட்டத்திலும், 2004 முதல் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் இருந்து வருகிறது, 2019இல் மாநகராட்சியானது. ஒரே நிலத்தைப் பற்றிய 2004க்கு முந்திய பத்திரத்தையும் பிந்திய பத்திரத்தையும் ஒப்பிட்டால், மாவட்டப் பெயர் வரும் வரிகள் எல்லாம் மாற்றமாகத் தோன்றும். சர்வே எண்ணிலோ பரப்பிலோ ஓரிலக்கம் மாறியிருந்தால் அதுவும் அவற்றுள் ஒன்றாகவே வரும். முன்னது நிர்வாக மாற்றம். பின்னது நிலத்தின் உரிமையையே பாதிக்கக்கூடியது. நிரலுக்கு இரண்டும் ஒன்றே.

எங்கே மாறியது என்பதைக் கருவி சொல்லும். ஏன் மாறியது, எது சரி என்பவற்றைச் சொல்லாது. அதனால்தான் வரைபடத்தின் திருத்தக் கட்டத்தில் காரணம் எழுதப்படுகிறது; தேர்ந்த பதிப்பாசிரியரும் தாம் ஏற்காத பாடத்தை அழித்துவிடாமல் அடிக்குறிப்பில் காட்டினார்.