முட்டையும் கல்லும்: விந்தைப் புனைகதையில் குடும்ப உறவை வாசித்தல்

இயல்புக்கு மாறான ஒன்று சிறுகதைக்குள் நுழைந்தவுடன் ‘இது எதன் குறியீடு?’ என்று கேட்பது நம் திறனாய்வின் பழக்கம். விடை கிடைத்ததும் வாசிப்பு நின்றுவிடுகிறது. குடும்பத்தை மையமாகக் கொண்ட விந்தைக் கதைகளுக்கு இந்தப் பழக்கம் பெரும் தீங்கு செய்கிறது. அங்கே முதலில் எழுப்ப வேண்டிய கேள்வி வேறு: இந்த அற்புதம் வீட்டுக்குள் யாருக்கு யார்மேல் உரிமை தருகிறது, யாரை யாருக்குக் கடன்பட்டவராக்குகிறது? அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஆக்டேவியா பட்லரின் ‘பிளட்சைல்ட்’ (1984), புதுமைப்பித்தனின் ‘சாபவிமோசனம்’ (1943) ஆகிய இரு கதைகளைக் கொண்டு இதை நிறுவ முயல்கிறேன்.

பட்லரின் கதை வேற்றுக்கிரகம் ஒன்றில் நிகழ்கிறது. பூமியிலிருந்து தப்பிவந்த மனிதர்களின் வழித்தோன்றல்கள், ட்லிக் என்னும் பூச்சியுருவ இனத்தின் காப்பகத்தில் வாழ்கிறார்கள். ட்லிக் பெண்கள் தங்கள் முட்டைகளை மனித உடலுக்குள், பெரும்பாலும் ஆண்களின் உடலுக்குள், இடுகிறார்கள். புழுக்கள் வெளிவரும் வேளையில் உடலைக் கீறி எடுக்காவிட்டால் அவை சுமந்தவனையே தின்றுவிடும். கதைசொல்லியான கான் என்ற சிறுவனை அவன் தாய் லியென், காப்பகத்தின் அதிகாரியான ட்கட்டோய்க்கு ஒப்புக்கொடுத்திருக்கிறாள். முன்பின் தெரியாத ஒருவன் உடலிலிருந்து புழுக்கள் எடுக்கப்படுவதைக் கான் அருகிலிருந்து காண நேர்கிறது. அதன்பின் அவன் எடுக்கும் முடிவுதான் கதை. ஹியூகோ, நெபுலா ஆகிய இரு விருதுகளும் இதற்குக் கிடைத்தன.

இந்த வீட்டில் ட்கட்டோய் யார்? லியெனின் இளமைக்காலத் தோழி. லியெனுக்குக் கணவனை அறிமுகப்படுத்தியவளும் அவளே. அந்தக் கணவன், அதாவது கானின் தந்தை, தன் இளம் வயதில் சுமந்த முட்டையிலிருந்து பிறந்தவளும் அவளே. இப்போது கானின் உடலில் தன் சந்ததியை வைக்கப்போகிறவள். யார் யாரை மணக்கலாம், யார் யாருக்குச் சீர் செய்ய வேண்டும், யார் யாருக்குக் கொள்ளி வைக்க வேண்டும் என்று முறை சொல்லி வளர்ந்த வாசகருக்கு இந்தச் சிக்கல் உடனே உறைக்கும். தோழி வழியில் அவள் கானுக்குச் சித்தி. தந்தையின் உடல் வழியில் அக்காள். வரப்போகும் உறவில் கணவன் இடத்தில் நிற்பவள். மூன்று முறையும் ஒரே உயிரில் வந்து முட்டிக்கொள்கின்றன. பட்லரின் கற்பனை வேற்றுக்கிரகத்தை வருணிப்பதில் செலவாகவில்லை. இந்த முடிச்சைப் போடுவதில் செலவாகியிருக்கிறது. ட்கட்டோய் குடும்பத்துக்கு உண்ணத் தரும், ஆயுளை நீட்டிக்கும் முட்டையை லியென் வாங்க மறுப்பதை இங்கிருந்துதான் வாசிக்க வேண்டும். மகனைக் கொடுத்துவிட்ட தாய்க்கு, தனக்கு வரும் பங்கை வேண்டாம் என்று சொல்ல மட்டுமே உரிமை மிஞ்சியிருக்கிறது. அதையும் ட்கட்டோய் அன்போடு வற்புறுத்திப் பறித்துவிடுகிறாள்.

இக்கதையை அடிமை முறையின் உருவகமாக வாசித்தோர் பலர். இது அடிமைத்தனம் பற்றிய கதையன்று, காதல் கதை, ஆண் கருவுறும் கதை என்று பட்லர் பின்னாளில் தெளிவாகவே எழுதினார். ஆசிரியர் சொல்லிவிட்டார் என்பதால் மட்டும் வழக்கு முடிந்துவிடாது. காப்பகம் என்பதே ஒருவகைச் சிறை. மனிதர்கள் துப்பாக்கி வைத்திருக்கத் தடை உண்டு. உண்ணத் தரும் முட்டை மயக்கம் தருகிறது. இந்த ஏற்றத்தாழ்வு மெய்யானது, அதை மறுக்க முடியாது. ஆனால் கதையின் இறுதிப் பகுதி அடிமை முறை என்ற சட்டகத்துக்குள் அடங்குவதில்லை. கான் மறுத்தால் அவன் அக்காளின் உடல் பயன்படும். அவளோ அதற்கு விருப்பத்தோடு காத்திருக்கிறாள். கான் இசைவதற்கு அக்காளைக் காக்கும் எண்ணம் ஒரு காரணம், ட்கட்டோயை விட்டுக்கொடுக்க மனம் வராதது இன்னொரு காரணம். இரண்டாவதையும் அவன் ஒப்புக்கொள்கிறான். சட்டத்துக்குப் புறம்பாக வீட்டில் ஒளித்துவைத்திருந்த துப்பாக்கி அங்கேயே இருக்கட்டும் என்று அவன் கேட்கிறான். அவள் அஞ்சியபடியே சம்மதிக்கிறாள். உறவு என்றால் இரு பக்கமும் அபாயம் ஏற்க வேண்டும் என்பது அவன் வைக்கும் நிபந்தனை. உருவக வாசிப்பு கொடுமைக்காரரை வீட்டுக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. பட்லர் அவரை வீட்டுக்கு உள்ளே, தாயை அணைத்தபடி, உட்காரவைக்கிறார்.

அகலிகைத் தொன்மத்தை மறுபடி சொல்லும் ‘சாபவிமோசனம்’ கதைக்கும் இதே தவறு நேர்ந்திருக்கிறது. ஆணாதிக்கத்துக்கு எதிரான குரல் என்று அதைச் சுருக்குகிறோம். அப்படியானால் அகலிகையைச் சபித்துக் கல்லாக்கிய கணவன் கோதமனை என்ன செய்வது? அவன் மனைவியை மன்னித்தவன். தன் சினத்துக்காகத் தன்னையே நொந்துகொள்பவன். ராமனின் பாதத்தூளி அகலிகையின் உடலை மீட்கிறது, நினைவை மீட்கவில்லை. மன்னித்த கணவன் நெருங்கும்போதும் அவளுக்கு, முன்பு அவன் உருவில் வந்து ஏமாற்றிய இந்திரனே தெரிகிறான். தன்னை மீட்ட அதே ராமன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்று சீதையின் வாயிலிருந்தே கேட்டபின், தனக்குக் கிடைத்த விடுதலைக்கு என்ன மதிப்பு என்பது அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. அவள் மீண்டும் கல்லாகிறாள். இறுகிய மனத்துக்கு உவமையாக மட்டும் அந்தக் கல்லைக் கொள்வது போதாது. மனைவி, மருமகள், மன்னிக்கப்பட்டவள் என்று எந்த உறவும் வந்து உரிமை கேட்க முடியாத ஒரே இடம் அது. முதல் முறை கல்லாக்கியது கணவனின் சாபம். இரண்டாம் முறை யாரும் சபிக்கவில்லை. அங்கேதான் புதுமைப்பித்தன் தொன்மத்தைத் தாண்டுகிறார்.

காலத்தாலும் நிலத்தாலும் தொடர்பற்ற இவ்விரு கதைகளும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. ட்கட்டோயும் கோதமனும் தீயவர்களல்லர். அவர்களிடம் அன்பு இருக்கிறது. அந்த அன்பை ஏற்பதற்கு உடலால் விலை கொடுக்க வேண்டியவர்கள் கானும் அகலிகையும். நடப்பியல் கதையில் இத்தகைய விலை பேச்சிலும் மௌனத்திலும் கரைந்து கண்ணுக்குத் தப்பிவிடலாம். விந்தைப் புனைகதையோ அதைக் கீறப்பட்ட வயிறாகவும் கல்லாகவும் நம்முன் வைக்கிறது.

தமிழ்த் துறைகளில் ‘சாபவிமோசனம்’ தொன்ம மறுவாசிப்பு என்ற தலைப்பிலும், அறிவியல் புனைகதை வேறொரு தலைப்பிலும் பிரிந்து கிடக்கின்றன. இரண்டையும் ஒரே வகுப்பில் அருகருகே வைத்துக் கற்பிக்க வேண்டும். குறியீட்டைக் கேட்கும் முன், கதையில் யார் யாருக்கு என்ன முறை, யார் யாருக்கு என்ன தர வேண்டியவர் என்று மாணவரை எழுதச் சொல்லுங்கள்.