செவிலியர் ஆய்வுகளைப் படித்துப் புரிந்துகொள்வது எப்படி? படுக்கைப் புண் ஆய்வு ஒன்றை முன்வைத்து

"படுக்கையில் இருக்கும் நோயாளியை இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டத் தேவையில்லை, நான்கு மணி நேரம் போதும் என்று ஆய்வில் கண்டறிந்துள்ளனர்." இவ்வகைச் செய்திகள் கைப்பேசி வழியே பலருக்கும் வந்து சேர்கின்றன. இரவெல்லாம் கடிகாரம் வைத்து எழுந்து, பக்கவாதத்தால் படுத்திருக்கும் தந்தையைப் புரட்டிவிடும் மகனுக்கோ மருமகளுக்கோ இச்செய்தி எத்தகைய ஆறுதலைத் தரும் என்பதை, வீடு தேடிச் சென்று சிகிச்சை அளிக்கும் மருத்துவப் பணியாளர் அனைவரும் அறிவர்.

செய்தி பொய்யன்று. அதன் பின்னால் முறையாக நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று உள்ளது. ஆனால் அது யாரிடம், எத்தகைய மெத்தையில், எவ்வளவு காலம் நடத்தப்பட்டது என்பவை செய்தியில் விடுபட்டுவிடுகின்றன. விடுபட்ட அந்த விவரங்களே உங்கள் வீட்டு நோயாளிக்கு முக்கியமானவை.

அந்த ஆய்வு என்ன செய்தது?

2013ஆம் ஆண்டு அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் இதழில் இவ்வாய்வு வெளியானது. செவிலியர் துறைப் பேராசிரியர் நான்சி பெர்க்ஸ்ட்ராம் இதற்குத் தலைமை தாங்கினார். அமெரிக்காவில் 20, கனடாவில் 7 என மொத்தம் 27 முதியோர் பராமரிப்பு இல்லங்களில் வசித்த, 65 வயதும் அதற்கு மேலும் உடைய 942 பேர் இதில் பங்கேற்றனர். இவர்கள் குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினர் 2 மணி நேரத்திற்கு ஒருமுறையும், மற்றொரு குழுவினர் 3 மணி நேரத்திற்கு ஒருமுறையும், மூன்றாம் குழுவினர் 4 மணி நேரத்திற்கு ஒருமுறையும் நிலைமாற்றப்பட்டனர்.

குலுக்கல் முறை ஏன் தேவை? யாரை எந்தக் குழுவில் சேர்ப்பது என்பதை ஊழியர்களிடம் விட்டால், நோய் முற்றியவர்களை அடிக்கடி புரட்டும் குழுவில் சேர்ப்பதே மனித இயல்பு. அவ்வாறு செய்தால், அடிக்கடி புரட்டிய குழுவிலேயே அதிகப் புண்கள் காணப்படும். குலுக்கல் இச்சாய்வைத் தவிர்க்கிறது. மேலும், புரட்டும் பணியாளருக்கு நோயாளி எந்தக் குழுவைச் சேர்ந்தவர் என்பதை மறைக்க இயலாது. ஆனால் தோலைப் பரிசோதித்துப் புண் உண்டா என்று தீர்மானிப்பவருக்கு மறைக்க இயலும். இவ்வாய்வில் அவ்வாறே செய்யப்பட்டது. செவிலியர் ஆய்வு எதைப் படித்தாலும் இவ்விரண்டு செய்திகளையும் முதலில் தேடுங்கள்.

மூன்று வாரங்களின் முடிவில் 2 மணி நேரக் குழுவின் 321 பேரில் 8 பேருக்கும், 3 மணி நேரக் குழுவின் 326 பேரில் 2 பேருக்கும், 4 மணி நேரக் குழுவின் 295 பேரில் 9 பேருக்கும் படுக்கைப் புண் ஏற்பட்டது. குழுக்களிடையே புள்ளியியல் அடிப்படையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று ஆய்வாளர்கள் முடிவு செய்தனர்.

"வேறுபாடு காணப்படவில்லை" என்பதன் பொருள்

மேலே உள்ள எண்களை மீண்டும் ஒருமுறை பாருங்கள். 3 மணி நேரக் குழுவில்தான் புண் மிகக் குறைவு. அப்படியானால் 2 மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டுவதைவிட 3 மணி நேரம் காத்திருப்பதே நல்லது என்று கொள்ளலாமா? அதற்கு உடலியல் காரணம் எதுவும் இல்லை. மூன்று குழுக்களையும் சேர்த்துப் புண் வந்தவர்கள் 19 பேரே. இத்தகைய சிறு எண்ணிக்கையில் நான்கைந்து பேர் இங்குமங்கும் மாறினாலே முடிவின் தோற்றம் மாறிவிடும். ஒரு நாணயத்தைப் பத்து முறை சுண்டினால் ஏழு முறை தலை விழுவதில் வியப்பில்லை அல்லவா?

ஆகவே "வேறுபாடு காணப்படவில்லை" என்பதும் "இரண்டும் சமம் என நிரூபிக்கப்பட்டது" என்பதும் ஒன்றல்ல. செய்தித் தலைப்புகள் பெரும்பாலும் முதலாவதை இரண்டாவதாக மாற்றி எழுதிவிடுகின்றன. ஆய்வுகளைத் தவறாகப் புரிந்துகொள்வதற்கு இதுவே மிகப் பொதுவான காரணம் என்பது என் கருத்து.

அவர்கள் உங்கள் நோயாளியைப் போன்றவர்களா?

படுக்கைப் புண் வரும் வாய்ப்பை அளவிடச் செவிலியர்கள் பிரேடன் அளவுகோலைப் பயன்படுத்துகின்றனர். உணர்வு, ஈரம், நடமாட்டம், தானாக அசையும் திறன், உணவு, உராய்வு ஆகிய ஆறையும் மதிப்பிட்டு 6 முதல் 23 வரை மதிப்பெண் இடுவர். மதிப்பெண் குறையக் குறைய ஆபத்து கூடும். மேற்கண்ட ஆய்வில் 10 முதல் 14 வரை மதிப்பெண் பெற்றவர்களே சேர்க்கப்பட்டனர். அதாவது 9 அல்லது அதற்கும் குறைவான மதிப்பெண் உடைய, மிக அதிக ஆபத்தில் உள்ளவர்கள் இதில் இல்லை. ஏற்கெனவே புண் இருந்தவர்களும் இல்லை. தன்னால் சற்றும் அசைய இயலாத, உணர்விழந்த, உணவு இறங்காத நோயாளி ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், இவ்வாய்வு அவரைப் பற்றி எதுவும் கூறவில்லை.

அடுத்தது மெத்தை. பங்கேற்ற அனைவரும் அழுத்தத்தைப் பரவலாக்கும் அடர்த்தி மிக்க நுரை மெத்தையில் படுத்திருந்தனர். நம் வீடுகளிலோ தேங்காய்நார் மெத்தை, அமுங்கிக் கட்டிதட்டிய பஞ்சு மெத்தை, கயிற்றுக் கட்டில், சில இடங்களில் பாய். நான்கு மணி நேரம் என்ற எண்ணை மெத்தையிலிருந்து பிரித்து எடுத்துக்கொள்ள இயலாது. அங்குள்ள பணியாளர்கள் ஒவ்வொரு முறை நிலைமாற்றும்போதும் டயப்பரின் ஈரத்தையும் தோல் பராமரிப்பையும் பதிவு செய்தனர் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். நான்கு மணி நேரக் குழு கவனிப்பாரற்று விடப்பட்ட குழு அன்று. காலம் மூன்று வாரங்கள் மட்டுமே என்பது மற்றொரு வரம்பு. வீட்டில் படுத்திருப்பவர்களோ மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் படுத்திருக்கின்றனர்.

எதனுடன் ஒப்பிட்டனர்?

அயர்லாந்தில் நடத்தப்பட்டு 2011ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு வேறு கோணத்தைக் காட்டுகிறது. இரவில் 3 மணி நேரத்திற்கு ஒருமுறை, உடலை 30 பாகை மட்டுமே சாய்த்து நிலைமாற்றிய 99 பேரில் 3 பேருக்குப் புண் வந்தது. 6 மணி நேரத்திற்கு ஒருமுறை, 90 பாகை முழுமையாகத் திருப்பிய 114 பேரில் 13 பேருக்குப் புண் வந்தது. இதனை "புண்கள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்தன" என்றும் எழுதலாம், "100 பேருக்கு 8 பேர் காப்பாற்றப்பட்டனர்" என்றும் எழுதலாம். இரண்டும் உண்மை. முதலாவது பெரிதாகத் தோன்றும். இரண்டாவதே உங்கள் முடிவுக்குப் பயன்படும். விகிதம் மட்டும் தரப்பட்டிருந்தால் "எத்தனை பேரில் எத்தனை பேர்?" என்று கேளுங்கள்.

ஒப்பீட்டுக் குழு 6 மணி நேரக் குழு என்பதையும் காண்க. இவ்வாய்வு 3 மணி நேர முறையை 2 மணி நேர முறையுடன் ஒப்பிடவில்லை. மேலும் இதில் நேர இடைவெளி, சாய்வுக் கோணம் ஆகிய இரண்டும் ஒருங்கே மாற்றப்பட்டதால், பயன் எதனால் கிடைத்தது என்று பிரித்துக் கூற இயலாது.

சோதனை அல்லாத ஆய்வுகள்

எல்லா ஆய்வுகளும் குலுக்கல் முறையில் நடத்தப்படுவதில்லை. 2014ஆம் ஆண்டு லான்செட் இதழில் லிண்டா எய்க்கன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, 9 ஐரோப்பிய நாடுகளின் 300 மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை பெற்ற 4 இலட்சத்திற்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்தது. ஒரு செவிலியர் கவனிக்கும் நோயாளிகளின் எண்ணிக்கையில் ஒருவர் கூடும்போது, 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதுடன் தொடர்புடையதாக அது கண்டது. இங்கு "தொடர்பு" என்பதே சரியான சொல். செவிலியர் குறைவான மருத்துவமனையில் பிற வசதிகளும் குறைவாக இருக்கலாம். ஆய்வாளர்கள் அத்தகைய வேறுபாடுகளைக் கணக்கில் கொண்டு சரிசெய்ய முயல்வர், முழுமையாக இயலாது. அதற்காக இத்தகைய ஆய்வை ஒதுக்கிவிடவும் கூடாது. செவிலியர் எண்ணிக்கையைக் குறைத்துச் சோதித்துப் பார்ப்பதை எந்த அறநெறிக் குழு அனுமதிக்கும்?

வேறு எங்கே பார்க்கலாம்?

இலவசமாகக் கிடைக்கும் ஆய்வுச்சுருக்கத்தில் பங்கேற்றவர்கள், முறை, எண்ணிக்கை ஆகியவை பெரும்பாலும் இருக்கும். முழுக் கட்டுரை கிடைத்தால், இறுதியில் நிதி வழங்கியவர் யார் என்ற குறிப்பைப் படியுங்கள். மெத்தை நிறுவனமே தன் மெத்தையை ஆராய நிதி அளித்திருந்தால் அம்முடிவு பொய் என்பதில்லை. கூடுதல் கவனத்துடன் படிக்க வேண்டும் என்பதே பொருள். இந்தியாவில் நடைபெறும் மருத்துவச் சோதனைகளை 2007 முதல் இயங்கும் தேசியப் பதிவேட்டில் எவரும் கட்டணமின்றித் தேடலாம். ஆய்வு தொடங்குமுன் எதை அளப்பதாகக் கூறினர், முடிவில் எதை வெளியிட்டனர் என்பதை ஒப்பிட அது உதவும்.

ஒற்றை ஆய்வைவிடப் பல ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் தொகுப்பாய்வு வலிமையானது. நிலைமாற்றம் குறித்த சோதனைகளைத் திரட்டிய 2020ஆம் ஆண்டின் கோக்ரேன் தொகுப்பாய்வு, எந்த இடைவெளி சிறந்தது என்று உறுதியாகக் கூறப் போதிய சான்று இல்லை என்றே முடித்தது. 2019ஆம் ஆண்டின் பன்னாட்டு வழிகாட்டுதலும் அனைவருக்கும் ஒரே இடைவெளியை விதிக்கவில்லை. நோயாளியின் அசையும் திறன், தோலின் தாங்கும் தன்மை, மெத்தை, வலி, உறக்கம் ஆகியவற்றைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியே தீர்மானிக்கப் பரிந்துரைக்கிறது. (நம் வீடுகளில் இன்றும் வாங்கப்படும் வளைய வடிவக் காற்றுத் தலையணையை அதே வழிகாட்டுதல் தவிர்க்கச் சொல்கிறது; வளையத்தின் விளிம்பிலேயே அழுத்தம் கூடுகிறது.)

எனவே கைப்பேசிச் செய்தியைக் கண்டு இடைவெளியை நீங்களாகவே மாற்ற வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரிடமோ, வீட்டிற்கு வரும் நோய்த்தணிப்புச் செவிலியரிடமோ அச்செய்தியைக் காட்டுங்கள். நோயாளியின் பிரேடன் மதிப்பெண் எவ்வளவு, இந்த மெத்தைக்கு எத்தனை மணி நேரம் பொருந்தும், இரவில் இடைவெளியைச் சற்றுக் கூட்டலாமா என்று கேளுங்கள். உறங்காத பராமரிப்பாளரின் உடல்நலமும் இக்கேள்வியில் அடங்கும். அதைச் சொல்லத் தயங்க வேண்டாம்.

இடைவெளி கூட்டப்பட்டால், ஒவ்வொரு முறை புரட்டும்போதும் இடுப்பின் பின்புறம், இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, குதிகால், கணுக்கால் ஆகிய இடங்களைப் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தபின் சிவப்பு மறையவில்லை எனில் அது புண்ணின் தொடக்கமாக இருக்கலாம். கருநிறத் தோலில் சிவப்பு எளிதில் புலப்படாது. சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ, கடினமாகவோ, கொழகொழப்பாகவோ உள்ளதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். அவ்வாறு இருப்பின் அந்த இடத்தைத் தேய்க்காமல், அதன்மேல் எடை விழாதவாறு படுக்கவைத்து, அன்றே செவிலியருக்குத் தெரிவிக்கவும்.